மாட்டு ரத்தத்தில் நோயின் வேரைக் கண்ட டாக்டர் ராபர்ட் கோக்

மாலையில் தொழுவத்தில் அசை போட்டுக் கொண்டிருந்த மாடு, விடிந்து பார்த்தால் வயிறு ஊதிச் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் வடிந்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் அந்த ரத்தம் உறையாது. ஊரில் மாடு கன்று வைத்திருந்த குடும்பங்களிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடைப்பான் என்பார்கள். ஆங்கில வைத்தியத்தில் இதற்கு ஆந்த்ராக்ஸ் என்று பெயர்.

மாடு போனதோடு கஷ்டம் தீர்வதில்லை. செத்த மாட்டின் தோலாவது நாலு காசு தருமே என்று உரிக்கப் போனவர் கையில் சில நாளில் ஒரு சிவந்த தடிப்பு தோன்றும். முதலில் கொசுக்கடி போல அரிக்கும். பிறகு கொப்புளமாகி உடைந்து, நடுவில் கரி போலக் கறுத்த பொருக்குக் கட்டும். சுற்றிலும் நன்றாக வீங்கியிருக்கும், ஆனால் வலி இருக்காது. வலி இல்லாததால் அலட்சியமாக விட்டுவிடுவார்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் ஐந்து பேரில் ஒருவர் வரை இறந்து போகக்கூடும். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். அந்தக் கறுத்த புண்ணால் வந்த பெயர் அது.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் தோல் பதனிடும் தொழிலை நடத்திய கதையை இந்த நகரத்துத் தமிழர்கள் அறிவார்கள். பச்சைத் தோலையும் உப்புத் தோலையும் தோளில் சுமந்து, சுண்ணாம்புத் தொட்டியில் காலை விட்டு நின்று, மயிர் சுரண்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். அந்தத் தொழிலில் கையில் ஒரு புண் வந்தால், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் சர்க்கார் வைத்தியராக இருந்தவர். அவர்தான் ராபர்ட் கோக். காச நோய்க் கிருமியைக் கண்டவர் என்றே பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் பெயர் முதலில் வெளியே தெரிந்தது செத்த ஆடு மாடுகளின் ரத்தத்தால்தான்.

சுரங்க ஊர்ப் பிள்ளை

1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி, ஹார்ஸ் மலைப் பகுதியில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் கோக் பிறந்தார். தகப்பனார் சுரங்க அதிகாரி. வீட்டில் 13 குழந்தைகள். ஐந்து வயதுக்குள் பத்திரிகைகளைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொண்டாராம். 1862-ல் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1866-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் யாக்கோப் ஹென்லே என்பவர் முக்கியமானவர். தொற்று நோய்கள் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் உண்டாகின்றன என்று நிரூபணம் இல்லாத காலத்திலேயே எழுதியவர் அவர்.

படித்து முடித்ததும் கப்பல் வைத்தியராகி உலகம் சுற்ற வேண்டும் என்று கோக்குக்கு ஆசை. நடக்கவில்லை. 1867-ல் எம்மி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. பிறகு நம்மில் பலருக்கு நேர்வது போலவே வருமானம் தேடி ஊர் ஊராக மாறினார். எங்கும் நிலையாக வருமானம் இல்லை. பிரெஞ்சுப் போர் வந்தபோது கிட்டப்பார்வைக்காரராக இருந்தும் தாமாகவே முன்வந்து ராணுவ வைத்தியராகப் பணியாற்றினார். 1872-ல்தான் போசன் மாகாணத்தில் வோல்ஸ்டைன் என்ற ஊரில் மாவட்ட வைத்திய அதிகாரி உத்தியோகம் கிடைத்தது. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது.

அம்மை குத்துவது, சான்றிதழ் எழுதுவது, சந்தேக மரணம் என்றால் பிணத்தைச் சோதிப்பது, இவை போக நோயாளிகளைப் பார்ப்பது என்று வேலை சரியாக இருந்தது. பல்கலைக்கழகம் பக்கத்தில் இல்லை. பேசுவதற்கு விஞ்ஞானி ஒருவரும் இல்லை. நோயாளிகளைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரை போட்டு மறைத்து, அதையே ஆராய்ச்சிக் கூடமாக வைத்துக் கொண்டார். மனைவி வாங்கிக் கொடுத்த மைக்ராஸ்கோப்தான் அவருடைய முதல் மூலதனம் என்று சொல்வதுண்டு. எம்மியை இந்த இடத்தில் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும், பிற்பாடு அந்த அம்மாளுக்கு நடந்தது நியாயமாக இல்லை.

மரச் சிராயும் எலியும்

வோல்ஸ்டைன் வட்டாரத்தில் ஆடு மாடுகளிடையே அடைப்பான் நோய் அடிக்கடி வந்து போகும். மேய்ப்பர்களும் தோல் உரிப்பவர்களும் கறுத்த புண்ணோடு கோக்கிடமே வந்தார்கள். ஜெர்மன் மொழியில் அந்த நோய்க்கு மண்ணீரல் எரிச்சல் என்று பொருள்படும் பெயர். செத்த மாட்டை அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் பெருத்துக் கறுத்து, தார் போலக் குழைந்திருக்கும்.

செத்த ஆட்டின் ரத்தத்தில் நுண்ணிய குச்சி போன்ற உருவங்கள் இருப்பதைப் பிரான்சில் ரேயர், டவேன் என்ற இருவர் 1850-லேயே பார்த்திருந்தார்கள். அந்தக் குச்சிகள்தான் நோய்க்குக் காரணம் என்று டவேன் 1863 முதல் வாதாடினார். பலர் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் குச்சிகள் வெளியே வந்தால் சீக்கிரம் செத்துப் போகின்றன. அப்படியானால் சில மேய்ச்சல் நிலங்களில் மட்டும் மாடு இல்லாத வருஷங்கள் கழிந்தும் நோய் திரும்பத் திரும்ப எப்படி வருகிறது? விவசாயிகள் அந்த நிலத்தைச் சாபம் பிடித்தது என்று ஒதுக்கி வைத்தார்கள். படித்தவர்களாலும் வேறு விடை சொல்ல முடியவில்லை.

கோக்கிடம் ஊசி மருந்து ஏற்றும் நல்ல கருவிகூட இல்லை. மரச் சிராய்களைச் சூடு காட்டிச் சுத்தம் செய்து, செத்த ஆட்டின் ரத்தத்தில் தோய்த்து, எலியின் வால் அடியில் சிறு கீறல் போட்டுச் செருகினார். மறுநாள் எலி செத்தது. அதன் மண்ணீரலில் அதே குச்சிகள். அதிலிருந்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று 20 எலிகள் வரை தொடர்ந்தார். கடைசி எலியிலும் முதல் எலியில் இருந்ததே இருந்தது. நல்ல ஆட்டின் ரத்தத்தைச் செருகிய எலிகள் சுகமாக ஓடிக் கொண்டிருந்தன.

எலியின் உடம்புக்கு வெளியே அந்தக் குச்சிகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் எடுத்துக் கொண்டது மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீர். அதில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து, கிருமியைச் சேர்த்து, காற்றுப் படாமல் மூடி, உடம்பின் சூட்டிலேயே வைத்து மணிக்கணக்காக மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தார். குச்சிகள் நீண்டன. நூல் நூலாகப் பின்னின. பிறகு அந்த நூலுக்குள்ளே கோத்த மணி போலப் பளபளக்கும் சிறு உருண்டைகள் தோன்றின. நூல் கரைந்து மறைந்தது, உருண்டைகள் மட்டும் மிஞ்சின. அவற்றை உலர்த்தி வைத்து, பிறகு புதிய கண் நீரில் இட்டபோது உருண்டையிலிருந்து மறுபடி குச்சி முளைத்தது.

சாபம் பிடித்த நிலத்தின் ரகசியம் இதுதான். குச்சி சாகும், உருண்டை சாகாது. நம் விதைநெல் குதிருக்குள் கிடப்பது போல, அது மண்ணிலும் காய்ந்த தோலிலும் கம்பளி மயிரிலும் வருஷக் கணக்கில் கிடக்கும். எத்தனை வருஷம் என்பதற்குப் பிற்காலத்தில் ஓர் அத்தாட்சி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் ஸ்காட்லாந்துக் கரையோரத்தில் குருனார்டு என்ற தீவில் இந்தக் கிருமியை வெடிகுண்டில் வைத்துச் சோதித்தார்கள். அந்தத் தீவு ஆபத்தற்றது என்று 1990-ல்தான், மருந்து கொட்டி மண்ணைச் சுத்தம் செய்த பிறகு, அறிவித்தார்கள்.

கோக் இன்னொன்றையும் கவனித்தார். அந்த உருண்டை உண்டாவதற்குக் காற்று வேண்டும், ஓரளவு சூடும் வேண்டும். மூடிய சவத்தின் உள்ளே அது உண்டாவதில்லை, உள்ளேயே அழுகும்போது குச்சிகள் செத்துப் போகின்றன. சவத்தை அறுத்தால், தோலை உரித்தால், ரத்தம் மண்ணில் கொட்டினால் காற்றுப் பட்டு விதை உண்டாகிவிடும். அடைப்பான் என்று சந்தேகப்பட்டால் மாட்டை அறுக்காதே, தோலை உரிக்காதே, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதை என்று இன்று கால்நடை டாக்டர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏழைக்குத் தோல் காசும் போகிறதே என்று மனம் அடித்துக் கொள்ளும். ஆனால் அந்த ஒரு தோலுக்காக ஒரு மேய்ச்சல் நிலமே கெட்டுப் போகும்.

1876 ஏப்ரலில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டினாண்டு கோனுக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் கண்டதை நேரில் காட்ட அனுமதி கேட்டார். ஊர் பேர் தெரியாத ஒரு வைத்தியரின் கடிதம்! பேராசிரியர் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை, வரச் சொன்னார். ஏப்ரல் 30-ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் கோக் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். முதல் நாளிலேயே கோனுக்குச் சந்தேகம் தீர்ந்து போயிற்று. தம்முடைய பத்திரிகையிலேயே அந்த ஆண்டு கட்டுரையை வெளியிட்டார். அப்போது கோக்குக்கு வயது 32. ஒரு குறிப்பிட்ட கிருமி ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்பதை, அந்தக் கிருமியின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் காட்டி நிரூபித்தது அதுவே முதல் தடவை.

உருளைக்கிழங்கும் கடல்பாசியும்

பாராட்டு வந்ததே தவிர நல்ல உத்தியோகம் வர நான்கு ஆண்டுகள் ஆயின. 1880-ல் பெர்லின் சுகாதார அலுவலகத்துக்கு அழைத்தார்கள். லோப்ளர், காப்கி என்ற இரண்டு கெட்டிக்கார உதவியாளர்களும் அமைந்தார்கள்.

அக்காலத்தில் கிருமிகளைக் குழம்பு நீரில் வளர்ப்பார்கள். பத்து வகைக் கிருமி இருந்தால் பத்தும் ஒன்றாகக் கலந்து வளரும், எது குற்றவாளி என்று தெரியாது. தோல் நோயில் இந்தத் தொல்லை மிகவும் அதிகம். மாட்டின் மேல் தோலில் எப்போதுமே ஆயிரம் கிருமி குடியிருக்கும். வெட்டி வைத்த அவித்த உருளைக்கிழங்கின் மேல் தனித்தனிப் புள்ளிகளாகக் கிருமிகள் வளர்வதைக் கோக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே வகை. கெட்டியான பரப்பில் வளர்த்தால் பிரித்துவிடலாம்! ஜெலட்டினில் செய்து பார்த்தார். ஆனால் சூட்டில் அது உருகிற்று.

இதைத் தீர்த்து வைத்தவர் ஒரு குடும்பப் பெண். கோக்கிடம் வேலை கற்ற வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டரின் மனைவி பேனி, வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகார் என்ற கடல்பாசிப் பொருளைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் மூலம் அவருக்குத் தெரிந்த பொருள் அது. நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பதும் அதுவே. மண்டபம், ராமேசுவரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகார் செய்கிறார்கள். 1882-ல் கோக் அகாரைப் பற்றி எழுதியபோது அந்த அம்மாள் பெயரையோ கணவர் பெயரையோ குறிப்பிடவில்லை. உலகத்தின் ஒவ்வொரு பரிசோதனைக் கூடத்திலும் இன்று அகார் இருக்கிறது, அதற்கு மூடி போட்ட தட்டைக் கண்ணாடித் தட்டை 1887-ல் செய்தவர் பெத்ரி என்ற இன்னொரு உதவியாளர். தட்டுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அடுக்களையிலிருந்து யோசனை தந்தவர் பெயர் எங்கும் ஒட்டவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

கன்றுக்குட்டியின் முகத்திலும் கண்ணைச் சுற்றியும் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து, சாம்பல் பூத்தது போலச் செதில் கட்டும் படர்தாமரையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பூஞ்சைக் காளானால் வருவது. வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, அகார் தட்டில் இட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து எந்தக் காளான் என்று கண்டுபிடிக்கிறார்கள். பால் கறப்பவர் கைக்கும் அது தொற்றும். சீழ்க் கொப்புளம் என்றால் அதே போன்ற தட்டில் வேறு கிருமி ஓரிரு நாளில் வளரும். இரண்டுக்கும் மருந்து வேறு. பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து சீழுக்குப் பயன்படாது, சீழ் மருந்து பூஞ்சையைத் தொடாது. தட்டும் பாசியும் வராத காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு, ஒரே சூட்டுக்கோல்.

1882-லேயே லோப்ளர், கோக்கின் கூடத்தில் ஷூட்ஸ் என்ற கால்நடை நிபுணரோடு சேர்ந்து, குதிரைகளின் மூக்கிலும் தோலிலும் புண்ணாகித் தொடர் முடிச்சாக ஓடும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். குதிரைக்காரனையும் கொல்லும் நோய் அது. இதைத் தடுக்க இந்தியாவில் 1899-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

அதே 1882 மார்ச் 24-ஆம் தேதி காச நோய்க் கிருமியைப் பற்றிக் கோக் பெர்லினில் படித்த கட்டுரைதான் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது.

பாஸ்டருடன் மல்லுக்கட்டு

அடைப்பான் நோய்க்குப் பிரான்சில் லூயி பாஸ்டர் தடுப்பூசி செய்தார். 1881 மே மாதம் பூயி லெ போர் என்ற ஊரில் பகிரங்கமாகச் சோதனை நடந்தது. 24 ஆடுகளுக்கு ஊசி போட்டு, 24 ஆடுகளுக்குப் போடாமல் விட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க் கிருமியைச் செலுத்தினார்கள். போடாத 24 ஆடுகளும் மாண்டன. போட்டவற்றில் ஒன்று தவிர யாவும் பிழைத்தன. கோக் இதை முழு மனதோடு பாராட்டியிருக்கலாம். பாராட்டவில்லை. ஊசி மருந்து சுத்தமாக இல்லை, சோதனை முறை சரியில்லை என்று கடுமையாக எழுதினார். 1882-ல் ஜெனீவா மாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். பாஸ்டர் பிரெஞ்சில் சொன்ன ஒரு சாதாரணச் சொல்லை ஜெர்மன் கர்வம் என்று தவறாக மொழிபெயர்த்துச் சொன்னதால் சண்டை மேலும் முற்றியதாகச் சொல்வார்கள். 1870 போரில் பகையான இரு தேசங்கள் அல்லவா! கோக் சொன்ன குறைகளில் உண்மை இருந்தது. ஆனால் பிழைத்து நின்ற ஆடுகளும் உண்மைதானே.

கல்கத்தாவும் பம்பாயும்

கோக் இந்தியாவுக்கு இரண்டு முறை வந்தார். முதலில் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு. எகிப்தில் காலரா பரவியபோது அங்கே ஆராயப் போனவர், அங்கே நோய் அடங்கிவிட்டதால், அதைத் தேடி இங்கே வந்தார். அலெக்சாண்டிரியாவில் பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த இளைஞர் துயில்லியே காலராவுக்கே பலியானபோது, பகையை மறந்து சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கோக்கும் ஒருவர். கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் குடலில் கால்புள்ளி போல வளைந்த கிருமியைக் கண்டார். பேலியாகாட்டாவில் மக்கள் குளித்து, துணி துவைத்து, குடிக்கவும் எடுத்த ஒரு குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது. ஊர் திரும்பியதும் ஜெர்மன் அரசு ஒரு லட்சம் மார்க் பரிசளித்தது.

இரண்டாம் முறை 1897-ல் பம்பாய்க்கு. அதற்கு முன் ஆப்பிரிக்காவில் கிம்பர்லியில் மாடுகளை லட்சக்கணக்கில் கொன்ற வெக்கை நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். நோயில் செத்த மாட்டின் பித்த நீரை ஊசியில் ஏற்றினால் மற்ற மாடுகள் பிழைக்கின்றன என்று கண்டார். அங்கிருந்து நேராக, பிளேக் நோயால் ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடிக் கொண்டிருந்த பம்பாய்க்கு வந்தார். பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தவரான ஹாப்கின், அந்த ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி பைகுல்லா கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாம் செய்த பிளேக் ஊசியைத் தமக்கே போட்டுக் கொண்டிருந்தார். பாஸ்டரின் சீடரும் பாஸ்டரின் எதிரியும் ஒரே ஊரில் ஒரே நோயோடு போராடினார்கள். பரேல் ரயில்வே ஒர்க்ஷாப்புக்குப் போய் வரும் நம்மவர்கள் ஹாப்கின் பெயர் தாங்கிய நிலையத்தையும், 1886-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியையும் தினமும் கடந்துதான் போகிறார்கள்.

அதே 1897-ல் கோக், காப்கி, பைபர் மூவரும் இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியில் இருக்கும் முக்தேசுவரத்துக்குப் போனார்கள். லிங்கார்டு என்ற ஆங்கிலேயர் பூனாவில் 1889-ல் தொடங்கிய கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தை, தொற்று வெளியே பரவாதபடி 1893-ல் அந்த மலைக்கு மாற்றியிருந்தார்கள். வெக்கை நோய்க்கு என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கவே கோக்கை வரவழைத்தார்கள். பித்த நீர் முறை பிற்பாடு கைவிடப்பட்டது. அதைவிட நல்ல ஊசிகள் வந்தன. வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள்.

சறுக்கல்கள்

கோக்கைத் தெய்வமாக்கி எழுதினால் பாதிதான் எழுதியதாகும். 1890-ல் காச நோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்று பிற்பாடு பெயர் வந்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்பதை ரகசியமாக வைத்துக் கொண்டார். பல தேசங்களிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்குக் குவிந்தார்கள், ஓட்டல்களில் இடமில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் ஒரு டாக்டர் என்பதால் அவரும் போய்ப் பார்த்துவிட்டு, இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல என்று சந்தேகத்தோடு எழுதினார். சில மாதங்களில் உண்மை வெளியாயிற்று. பலர் குணமாகவில்லை, சிலர் ஊசியாலேயே மோசமாகி இறந்தார்கள். அது காசநோய்க் கிருமியின் கிளிசரின் சாறு என்பதைக் கோக் பிறகுதான் சொன்னார். முதலில் தமக்கே போட்டுப் பார்த்துக் கடும் காய்ச்சலில் விழுந்தவர் அவர், ஆகவே ஏமாற்றுக்காரர் அல்லர். அவசரக்காரர் என்று சொல்லலாம். நம்பி வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே சாறு மாட்டுக்குப் பயன்பட்டது என்பது விநோதம். மாட்டின் தோலுக்குள் துளி செலுத்தினால், காச நோய் உள்ள மாட்டுக்கு அந்த இடம் தடித்து வீங்கும், இல்லாத மாட்டுக்கு வீங்காது. வெளியே நன்றாகத் தெரியும் பால் மாட்டின் உள்ளே இருக்கும் நோயை அதன் தோலே சொல்லிவிடும். பல தேசங்கள் தம் மாட்டு மந்தைகளைச் சுத்தம் செய்தது இந்தச் சோதனையால்தான்.

ஆனால் 1901-ல் லண்டன் மாநாட்டில் கோக், மாட்டுக் காச நோய் மனிதருக்கு அநேகமாக வராது, ஆகவே பாலைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்று பேசினார். கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். ஆங்கில அரசு ஒரு குழுவை நியமித்துப் பத்தாண்டு ஆராய்ந்தது. பாலால் மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அந்த நோய் வருகிறது என்று 1911-ல் முடிவு சொன்னார்கள். அதைக் கேட்கக் கோக் இல்லை. மாட்டிலிருந்து மனிதனுக்கு நோய் தொற்றுவதைத் தோல் உரிப்பவன் கையில் கண்டவர், பால் குடிக்கும் பிள்ளையின் விஷயத்தில் இப்படிச் சொன்னாரே என்பதுதான் எனக்கு விளங்காதது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் அந்தப் பெரிய டாக்டரின் பேச்சைவிடப் பத்திரமானது.

1906-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் தூக்க வியாதிக்கு அடாக்சில் என்ற ஆர்சனிக் மருந்தைக் கொடுத்தபோது சில நோயாளிகளுக்குக் கண் பார்வையே போயிற்று. அவர்கள் அடிமைத் தேசத்து மக்கள், கேட்பதற்கு ஆளில்லை. அவர் வரலாற்றில் இது கறைதான்.

வீட்டு வாழ்க்கையும் அமைதியாக இல்லை. 1893-ல் எம்மியை விவாகரத்து செய்துவிட்டு, தம்மைவிட ஏறக்குறைய 30 வயது இளையவரான ஹெட்விக் என்ற பெண்ணை மணந்தார். பெர்லினில் இது பெரிய வம்பாயிற்று. ஹெட்விக் ஆப்பிரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் அவருடன் அலைந்தார். வோல்ஸ்டைனில் திரைக்கு இந்தப் பக்கம் எலி நாற்றத்தோடு குடித்தனம் நடத்திய எம்மிக்கு, புகழ் வந்தபோது பங்கு கிடைக்கவில்லை.

1905-ல் நோபல் பரிசு வந்தது. 1910 மே 27-ஆம் தேதி பாடன் பாடன் நகரில் ஓய்வுக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் கோக் இறந்தார். வயது 66. விருப்பப்படி உடலை எரித்தார்கள். அஸ்தி பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலேயே இருக்கிறது. வோல்ஸ்டைனில் அவர் இருந்த வீட்டைப் போலந்துக்காரர்கள் காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள்.

அடைப்பானுக்கு இப்போது நாடெங்கும் போடும் ஊசி, 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் கண்ட வலுவிழந்த கிருமியால் ஆனது. ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலும் அதைத் தயாரிக்கிறார்கள். நோய் வந்து போன ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். மனிதருக்குக் கறுத்த புண் வந்தால் பென்சிலின் போன்ற மருந்துகள் கேட்கும், ஆனால் தோல், எலும்பு, மாடு என்று எதையாவது தொட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திடீரென்று மாடு செத்த இடத்துக்குக் கால்நடை டாக்டர் வந்தால் சவத்தை அறுக்க மாட்டார். காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, நீலச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைப்பார். அடைப்பான் என்றால், 1876-ல் பிரெஸ்லாவில் கோன் குனிந்து பார்த்த அதே குச்சிகள் அங்கே சங்கிலி சங்கிலியாகத் தெரியும்.